காலையில் கதை, பிற்பகலில் கேமரா: கோடைக் கலை முகாமுக்கு மகளை அனுப்பும் முன்

கேள்வி: மிச்சிகனில் டிராய் நகரில் இருக்கிறோம். மகளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். ஆங்கிலத்தில் கதை எழுதுவாள். ஃபோனில் தோழிகளை வைத்து ஏழெட்டுக் குறும்படம் எடுத்திருக்கிறாள், எதுவும் முடிந்தபாடில்லை. ஜூலையில் மூன்று வாரம் தங்கிப் படிக்கும் கலை முகாம் ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. எழுத்து மட்டும், சினிமா மட்டும், அல்லது காலையில் எழுத்து பிற்பகலில் ஊடகக் கலை என மூன்று வழி தருகிறார்கள். எதில் சேர்ப்பது? இன்னும் எட்டு வாரம் இருக்கிறது, என்ன தயார் செய்யவேண்டும், என்ன வாங்கவேண்டும்? "இந்தப் பணத்துக்குக் கல்லூரி நுழைவுத் தேர்வான எஸ்ஏடி-க்குக் கோச்சிங் போகலாமே" என்கிறார் கணவர். இன்னொன்று: இவள் கதையில் பாட்டி வந்தால் தமிழில்தான் பேசுகிறார். அதை ஆங்கிலமாக்கச் சொல்வதா, விட்டுவிடுவதா?

பதில்:

வணக்கம். உங்கள் கடிதத்தில் என் கண் நின்றது "எதுவும் முடிந்தபாடில்லை" என்ற இடத்தில். இந்த வயதில் எழுதுகிற, படம் எடுக்கிற பிள்ளைகளுக்குக் கற்பனைப் பஞ்சம் வருவதில்லை. தொடக்கம் பத்து இருக்கும், முடிவு ஒன்றுகூட இருக்காது. மூன்று வாரத் தங்கல் முகாம் தரக்கூடிய பெரிய நன்மை இதில்தான்: கடைசி நாள் மேடை உண்டு, திரை உண்டு, தேதி மாறாது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. உங்கள் மாநிலத்திலேயே டிராவர்ஸ் சிட்டி பக்கம், இரண்டு ஏரிகளுக்கு நடுவில் இருக்கும் இன்டர்லாக்கன் முகாமை 1928-ல் ஜோசப் மேடி தொடங்கியது உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் இசைக்குழுவுக்காக. ஒத்திகை, கச்சேரி, மறுபடி ஒத்திகை என்பது அதன் ஓட்டம். நாடகம், நடனம், ஓவியம், எழுத்து, சினிமா எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தன. இசைக்காரர்களுக்குக் கச்சேரி நாள் எப்படியோ, அப்படித்தான் இன்றும் பல கலை முகாம்களில் எழுதுகிறவனுக்கு வாசிப்பு மாலை, படம் எடுக்கிறவனுக்குத் திரையிடல்.

உங்கள் மகளுக்கு மூன்றாவது வழி, இரண்டும் கலந்தது, பொருந்தும். ஆனால் பணம் கட்டுமுன் முகாமுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். எழுத்து வகுப்பில் எத்தனை பேர்? பன்னிரண்டுக்கு மேல் போனால் மூன்று வாரத்தில் ஒவ்வொருவர் எழுத்தும் ஒரு முறைதான் முழுதாக அலசப்படும். திருத்தி எழுதியதை மறுபடி யாரும் பார்க்க நேரமிருக்காது. படப்பிடிப்புக் குழுவில் எத்தனை பேர், ஆளுக்கொரு படமா, குழுவுக்கொரு படமா? எடிட்டிங் அறை இரவு உணவுக்குப் பிறகு திறந்திருக்குமா? எடுத்த ஃபுட்டேஜ் முழுவதையும் மாணவர் கொண்டுபோகலாமா? காலை ஆசிரியரும் பிற்பகல் ஆசிரியரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால், அது இரண்டு தனி வகுப்புகளை ஒரே கட்டணத்தில் கட்டித் தருவது. அப்படியானால் எழுத்து வகுப்பு மட்டும் போதும். கேமராவை வீட்டிலேயே பழகலாம். தன் வயதுக்காரர் பத்துப் பேர் தன் பக்கத்தை வரிவரியாகப் படிப்பது வீட்டில் கிடைக்காது.

கலந்து படிப்பதில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். தமிழ் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். "தாத்தா சாயங்காலம் வருவார், திண்ணையில் உட்காருவார், பேப்பர் படிப்பார்" என்று எழுதுகிறோம். இந்த "வருவார், உட்காருவார்" நாளைய சங்கதி இல்லை, தினசரி வழக்கம். ஒரே வினைமுற்றில் இருபது வருஷத்து மாலைப்பொழுதுகளை அடைத்துவிட்டோம். கேமராவுக்கு இந்த "வார்" கிடையாது. அதனிடம் இருப்பது "வருகிறார்" மட்டும்: ஒரே ஒரு மாலை, ஒரே ஒரு தாத்தா. வழக்கத்தைக் காட்ட வேண்டுமென்றால் வேறு வழி தேட வேண்டும். அவர் உட்காரும் இடத்தில் மட்டும் திண்ணைச் சிமெண்டு வழவழவென்று மின்னுவதைக் காட்டலாம். அவர் வராத ஒரு நாளில் நாய் அந்த இடத்தை முகர்ந்து பார்ப்பதைக் காட்டலாம்.

இதேபோல "பாட்டி போன பிறகு வீடு வெறிச்சோடிப் போனது" என்பது பக்கத்தில் ஒரு வாக்கியம். திரைக்கதையில் அதை எழுதினால் ஆசிரியர் சுழித்துவிடுவார், எடுக்கமுடியாது என்று. எடுக்கக்கூடியது இது: சாப்பாட்டு மேசை. அப்பா தட்டு வைக்கிறார், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்காவதைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்ப அலமாரிக்குப் போகிறார். காலையில் ஒன்றைக் கதையாக எழுதி, பிற்பகலில் அதையே மூன்று பக்கத் திரைக்கதையாக மாற்றிப் பார்க்கிற பிள்ளைக்கு, எது எழுத்தின் வேலை, எது கேமராவின் வேலை என்பது மூன்றே நாளில் கைக்கு வந்துவிடும். திரும்பிவந்து கதை எழுதும்போதும் அந்தத் தட்டு கூடவே வரும்.

இனி எட்டு வாரம். முதல் இரண்டு வாரம் ஒரு நோட்டு, கையால், தினம் பத்து வரி. பார்த்தது, கேட்டது மட்டும். "சோகமான", "அழகான" மாதிரி அடைமொழிக்குத் தடை. "அம்மா கோபமாக இருந்தாள்" என்று எழுதக்கூடாது. "அம்மா குக்கர் விசிலை எண்ணவில்லை" என்று எழுதலாம். மூன்று, நான்காம் வாரம், அந்த நோட்டிலிருந்து ஒன்றை எடுத்து 600 முதல் 800 சொல்லுக்குள் ஒரு கதை. நாவல் ஆரம்பித்திருந்தால் அதை மூட்டைகட்டி வைக்கட்டும். முகாமுக்கு நாவலின் மூன்றாம் அத்தியாயத்தைக் கொண்டுபோகிறவர்கள், முன்கதைச் சுருக்கம் சொல்வதிலேயே தங்கள் நேரத்தைச் செலவழித்துவிடுகிறார்கள்.

ஐந்தாம் வாரம் அந்தக் கதையைத் திரைக்கதை வடிவில் எழுதட்டும். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கைச் சொல்வார்கள். அது கூரியர் எழுத்துருவில் 12 புள்ளி அளவில், அதற்கென்ற ஓரங்கள் விட்டு, ஆங்கிலத்தில் அடித்தால்தான் ஓரளவு சரிவரும். கூரியரில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம், அதனால் பக்கத்துக்குப் பக்கம் அளவு மாறாது. தமிழ் எழுத்துகள் அப்படி இல்லை. "ஔ" எங்கே, "ர" எங்கே. தமிழ் வசனம் கலந்த பக்கத்தை வாய்விட்டு நடித்துப் படித்து, ஸ்டாப்வாட்ச் வைத்துத்தான் நேரம் குறிக்க வேண்டும்.

ஆறாம் வாரம், ஒரு நிமிடப் படம் ஒன்று. வசனம் கிடையாது. எட்டு ஷாட், ஒரே வீடு, ஒரே பிற்பகல். உங்கள் சமையலறையும் மாடிப்படியும் போதும். உதாரணத்துக்கு ஒன்று தருகிறேன், அவள் வேறு யோசித்தால் இன்னும் நல்லது:

தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கும் கை, துளிகள் துள்ளுகின்றன. கரண்டி மாவைச் சுற்றுகிறது. பாட்டி நிமிர்ந்து மாடிப்படிப் பக்கம் பார்க்கிறார். படிக்கட்டு, ஆள் இல்லை. தோசை தட்டுக்கு வருகிறது, அதன்மேல் இன்னொரு தட்டு கவிழ்கிறது. மாடியில் மூடிய கதவு, அடியிலிருந்து கம்ப்யூட்டர் வெளிச்சம். பாட்டி மேசையில் தனியாக, எதிரே மூடிய தட்டு. மேல் தட்டைத் தூக்கிப் பார்க்கிறார். உட்பக்கம் வியர்த்துச் சொட்டுகிறது, ஆவி இல்லை.

எட்டு ஷாட், தலைக்கு ஏழு விநாடி, 56 விநாடி. இதில் எங்கே சறுக்கும்? முதலில், தோசையின் ஆவி கேமராவில் தெரியவே தெரியாது. ஆவிக்குப் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வெளிச்சம் வந்து, அதன் பின்புலம் இருட்டாக இருந்தால்தான் தெரியும். ஆகவே ஜன்னலை அடுப்புக்குப் பின்பக்கம் வைத்துக்கொண்டு, கூரை விளக்கை அணைத்துவிட வேண்டும். கடைசி ஷாட்டில் "ஆவி இல்லை" என்பது பார்ப்பவருக்குப் புரியவேண்டுமென்றால் முன்னே ஓரிடத்தில் ஆவியைப் பார்த்திருக்க வேண்டும். அடுத்து, பாட்டி சட்டகத்தின் வலப்பக்கம் பார்த்தால், பேத்தி இறங்கிவரும் ஷாட் ஏதாவது சேர்த்தால் அவள் இடப்பக்கம் பார்த்து வரவேண்டும். இல்லாவிட்டால் இருவரும் ஒரே திசையில் வேறு யாரையோ பார்க்கிற மாதிரி இருக்கும். மூன்றாவது, ஃபோனில் எடுத்துப் பழகியவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு: கை அசைய ஆரம்பித்ததும் ரெக்கார்டு அழுத்துவது, அசைவு நின்றதும் நிறுத்துவது. எடிட் செய்யும்போது வெட்ட இடமே இருக்காது. முன்னால் ஐந்து விநாடி, பின்னால் ஐந்து விநாடி சும்மா ஓடட்டும். அவளுடைய பழைய படங்கள் முடியாமல் கிடப்பதற்கு இதுவே பாதிக் காரணமாக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஏழாம் வாரம் எடிட் செய்து, இரண்டு பேருக்குக் காட்டி, மூடிவிட வேண்டும். இன்னும் ஒரு ஷாட் எடுத்துச் சேர்க்கலாம் என்று தோன்றும், சேர்க்கக்கூடாது. எட்டாம் வாரம் மூட்டை கட்டுவதற்கு.

வாங்கவேண்டியது கொஞ்சம்தான். கேமரா வாங்காதீர்கள்; முகாமில் இருக்கும், இல்லாவிட்டால் கையிலிருக்கும் ஃபோன் போதும். ஃபோன் பிடிக்கும் கிளிப்புடன் ஒரு ட்ரைபாட், ஒரு காலர் மைக், வயர் உள்ள ஹெட்ஃபோன், படங்களைச் சேமிக்க ஒரு டிபி கொள்ளளவில் வெளி டிஸ்க் (எஸ்எஸ்டி) ஒன்று. ஹெட்ஃபோன் ப்ளூடூத்தாக இருந்தால் ஒலி ஒரு நொடிப் பின்னம் தாமதமாக வரும். உதட்டோடு ஒலி பொருந்துகிறதா என்று பார்க்கவே முடியாது. எஸ்எஸ்டி-யை, விண்டோஸும் மேக்கும் எழுதக்கூடிய எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்து அனுப்புங்கள். வீட்டில் விண்டோஸ் கணினி, முகாமில் மேக் என்றால் இங்கேதான் மாட்டும்: விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் இருக்கும் டிஸ்கை மேக் படிக்கும், ஆனால் அதில் எழுத விடாது. முதல் நாள் இரவு ஃபுட்டேஜைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் முழிப்பது இதனால்தான்.

இடக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஐஃபோனில் சாதாரண அமைப்பில் 1080 அளவில் விநாடிக்கு 30 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பி. 4கே, 24 ஃபிரேம் என்றால் சுமார் 135 எம்பி. ஒரு மணி நேரம் எடுத்தாலும் 8 ஜிபி-தான். ப்ரோரெஸ் என்று ஒரு பொத்தான் சில மாடல்களில் உண்டு. பெயரைப் பார்த்து ஆசைப்பட்டு அதை அழுத்தினால் 4கே-யில் நிமிடத்துக்கு 6 ஜிபி விழுங்கும். மூன்று நிமிடப் பள்ளிப் படத்துக்கு அது தேவையில்லை.

முகாமில் ஃபோனைப் பகலில் வாங்கி வைத்துக்கொள்கிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஃபோன்தான் கேமரா என்றால் அதற்கு விலக்கு உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள். மாத்திரை மருந்து இருந்தால் கடையில் வாங்கிய அசல் டப்பாவோடு. முகாம் வட மிச்சிகனில் என்றால் ஜூலை இரவும் குளிரும், ஸ்வெட்டர் வையுங்கள்.

ஒலி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாணவர் படங்கள் படுத்துக்கொள்வது அங்கேதான். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், வசனம் கேட்காவிட்டால் எழுந்து போவார். கோலில் நீட்டிப் பிடிக்கும் பூம் மைக் வாயிலிருந்து 30 முதல் 45 செ.மீ. தூரத்துக்குள் இருக்க வேண்டும், சட்டகத்தின் விளிம்பைத் தொடுகிற அளவுக்கு. கேமரா மேலேயே மாட்டிய மைக் எட்டு அடி தள்ளி நின்று சமையலறையை முழுக்கப் பதிவு செய்யும், பேச்சைத் தவிர. பதிவுக் கருவி காட்டும் ஒலி அளவில் வசனம் மைனஸ் 18-க்கும் மைனஸ் 12 டெசிபலுக்கும் இடையில் ஆடட்டும். கத்தினாலும் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக்கூடாது. உச்ச அளவான பூஜ்யத்தைத் தொட்டு உடைந்த ஒலியை எந்த மென்பொருளும் முழுதாக ஒட்டவைக்காது.

ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு எடுக்க வேண்டும். அணைத்தால் மறுபடி போட மறந்துபோகும். அதனால் ஒலிப்பதிவாளர்கள் கார் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவார்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது சாவி தேடினால் ஃபிரிட்ஜ் ஞாபகம் வந்துவிடும். எடுத்து முடித்ததும் எல்லாரும் அசையாமல் நின்று அந்த இடத்தின் வெறும் சத்தத்தை முப்பது விநாடி பதிவு செய்ய வேண்டும். ரூம் டோன் என்பார்கள். வசனத்துக்கு நடுவே வெட்டும் இடங்களில் இதை வைத்துத்தான் பூச முடியும்; இல்லாவிட்டால் ஒவ்வொரு வெட்டிலும் காது அடைத்துத் திறப்பது போல இருக்கும்.

ஃபோனில் படம், தனிக் கருவியில் ஒலி என்று எடுத்தால் இன்னொரு தொல்லை. பல ஃபோன்கள் ஃபிரேம் எண்ணிக்கையை ஒரே சீராக வைத்துக்கொள்வதில்லை, வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்பக் கூட்டும் குறைக்கும். தொடக்கத்தில் கைதட்டிப் பொருத்திய ஒலி, நான்கு நிமிடம் கழித்து உதட்டைவிட்டு விலகியிருக்கும். எடிட்டிங்கில் ஏற்றும் முன்பே ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் "கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்" தேர்ந்தெடுத்து மாற்றிவிட்டால் சரியாகும். ஷாட் முடிவிலும் ஒரு கைதட்டு இருந்தால், விலகியிருக்கிறதா என்பது உடனே தெரியும்.

விளக்கு மினுமினுப்புக்கும் ஒரு வரி. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அங்கே ஷட்டர் வேகத்தை 1/60 விநாடியில் வைத்தால் டியூப்லைட்டும் மலிவு எல்இடி-யும் கோடு போடாது. விடுமுறைக்கு ஊருக்கு வந்து எடுத்தால் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், 1/50-க்கு மாற்ற வேண்டும்.

முகாமுக்குள் நடப்பது பற்றி. எழுத்துப் பட்டறையில் பழைய வழக்கம், எழுதியவர் வாய்திறக்காமல் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் அலசுவது. 1936-ல் தொடங்கிய அயோவா எழுத்துப் பட்டறையின் வழியில் பரவிய முறை இது. இப்போது பல ஆசிரியர்கள் இதைத் தளர்த்திவிட்டார்கள். நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990-ல் வகுத்த நான்கு படி முறையைச் சிலர் பின்பற்றுகிறார்கள். முதலில் படைப்பில் எது பிடித்தது, எது மனதில் நின்றது என்று படித்தவர்கள் சொல்வார்கள். அடுத்து எழுதியவர் கேள்வி கேட்பார். பிறகு மற்றவர்கள், உள்ளே தங்கள் கருத்தைத் திணிக்காத நடுநிலைக் கேள்விகள் கேட்பார்கள். கடைசியில்தான் கருத்து, அதுவும் "சொல்லட்டுமா?" என்று அனுமதி கேட்டு. எந்த முறை என்றாலும் உங்கள் மகள் செய்யவேண்டியது ஒன்று: யார் எந்த வரியில் தடுக்கினார்கள் என்று ஓரத்தில் குறிப்பது. ஐந்து பேரில் மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் அந்த இடத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது. ஆனால் அவர்கள் சொல்லும் மருந்து பெரும்பாலும் தப்பாக இருக்கும். "முடிவை மாற்று" என்பார்கள். உண்மையில் பழுது இரண்டாவது பத்தியில் இருக்கும். அன்றைக்கே திருத்த உட்காரவேண்டாம், ஒரு நாள் போகட்டும்.

படப்பிடிப்பில் எல்லாருக்கும் டைரக்டர் ஆக ஆசை. நாலு பேர் குழுவில் ஒரு நாள் டைரக்ஷன், மூன்று நாள் மற்ற வேலை என்று வரும். அந்த மூன்று நாளில் ஒன்றை ஒலிக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஹெட்ஃபோன் மாட்டியவர்தான் ஒவ்வொரு டேக்கையும் கடைசிவரை கேட்கிறவர். வசனத்தில் எந்தச் சொல் உபரி என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். எழுதுகிற பிள்ளைக்கு இதைவிடப் பாடம் வேறில்லை.

மாணவர் குழு ஒரு நாளில் 12 முதல் 15 முறை கேமராவை இடம் மாற்றினால் அதிகம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அரைமணி போய்விடும். திரைக்கதையில் நாற்பது ஷாட் குறித்துக்கொண்டு போகிறவர்கள், மாலை ஐந்து மணிக்கு முடிவுக் காட்சியை அவசரமாக ஒரே ஷாட்டில் எடுத்து முடிப்பார்கள். முடிவுக் காட்சியைக் காலையிலேயே எடுத்துவிடச் சொல்லுங்கள். நடுவில் ஒரு ஷாட் விட்டுப்போனால் ஒட்டிக்கொள்ளலாம், முடிவு விட்டுப்போனால் படமே இல்லை. பொம்மைத் துப்பாக்கி, தற்கொலை, கடைசியில் எல்லாம் கனவு, இவை மூன்றும் வேண்டாம். முதலிரண்டும் முகாம் விதியில் நிற்காது, மூன்றாவது யாருக்கும் பிடிக்காது.

கடைசி இரண்டு நாள் மிக முக்கியம். திரையிடலுக்குச் சுருக்கிய ஒரு கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள் பிள்ளைகள். அடுத்த வாரம் முகாமில் கணினிகளைத் துடைத்துவிடுவார்கள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் வேலை செய்திருந்தால் "ப்ராஜெக்ட் ஆர்கைவ்" என்று ஏற்றுமதி செய்தால் வெட்டி அடுக்கிய வரிசையும் (டைம்லைன்) ஃபுட்டேஜும் சேர்ந்தே வரும். கூடவே தரம் குறையாத முழுப் படம் ஒன்று, சப்டைட்டில் பதியாத படம் ஒன்று. நடித்தவர்கள் எல்லாம் 18 வயதுக்குக் கீழ். படத்தை வெளியே எங்காவது அனுப்ப வேண்டுமென்றால் அவர்கள் பெற்றோரின் கையெழுத்திட்ட சம்மதம் தேவைப்படும். பெற்றோர் அழைத்துப்போக வரும் நாளில் அந்தக் கையெழுத்தை வாங்கிவிட்டால் சுலபம். ஆளுக்கொரு மாநிலத்துக்குப் பறந்த பிறகு துரத்த முடியாது. இசையும் அப்படித்தான். திரைப்பாட்டைப் போட்டால் போட்டிக்கும் போகாது, யூடியூபிலும் உரிமைக் கோரிக்கை வந்து நிற்கும். கலை முகாமில் பக்கத்து அறையிலேயே செல்லோ வாசிக்கிறவர்கள் இருப்பார்கள். இரண்டு நிமிடம் வாசித்துத் தரச்சொல்லி, பயன்படுத்தலாம் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளட்டும். இதற்காகவே கலை முகாமைத் தனி சினிமா முகாமைவிட மேலாக மதிப்பேன்.

உங்கள் கணவரின் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. கட்டணம் கட்டிப் போகும் முகாமின் பெயர் கல்லூரி விண்ணப்பத்தில் தானாக எடை கூட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எடை கூட்டுவது கையில் கொண்டுவருவது. திரைப்படம், எழுத்துப் பட்டப்படிப்புகளுக்குச் சில நிமிடப் படமும் சில பக்க எழுத்தும் கேட்பார்கள். குழுவாக எடுத்த படத்தில் உன் வேலை எது என்றும் கேட்பார்கள். 1923 முதல் நடக்கும் ஸ்காலஸ்டிக் கலை, எழுத்துப் போட்டிக்கு ஏழு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அனுப்பலாம், செப்டம்பரில் வாசல் திறக்கும், சிறுகதைக்கும் படத்துக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு. இளம் கலைஞர்களுக்கான யங்ஆர்ட்ஸ் போட்டிக்கு அவள் வயது சரி, ஆனால் அதில் குடியுரிமை, வேலை அனுமதி சார்ந்த தகுதி விதி இருக்கிறது. எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருந்தால் அதைப் படித்துவிட்டு உழைப்பைப் போடுங்கள். எஸ்ஏடி-க்கு ஜூன் இருக்கிறது, ஆகஸ்ட் இருக்கிறது. மூன்று வாரம் போனதால் அது கெடாது. கட்டணம் பாரமென்றால் நிதி உதவிக்கு விண்ணப்பம் போட்டபிறகு முடிவெடுங்கள். வருமான வரியில் எதுவும் எதிர்பார்க்காதீர்கள். குழந்தைப் பராமரிப்புச் சலுகை 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பகல் முகாமுக்குத்தான், இரவு தங்கும் முகாமுக்குக் கிடையாது.

பாட்டியின் தமிழுக்கு வருகிறேன். மாற்றச் சொல்லாதீர்கள். பட்டறையில் "அத்தை என்றால் என்ன?" என்று ஒருவர் கேட்பார். உடனே வரிக்கு வரி பொருள் எழுதிச் சேர்க்கத் தோன்றும், சாய்வெழுத்தில் போடத் தோன்றும். இரண்டும் வேண்டாம். அத்தை அப்பாவின் தட்டிலிருந்து ஒரு வடையை உரிமையோடு எடுத்துத் தின்றால், உறவு புரிந்துவிடும். புரியாத ஒரு சொல் பக்கத்தில் கிடப்பதால் வாசகர் ஓடிவிட மாட்டார். ஒரே வரியில் நான்கு கிடந்தால்தான் தடுமாறுவார்.

படத்தில் தமிழ் பேசினால் ஆங்கில சப்டைட்டில் வேண்டும். ஒரு வரிக்கு 42 எழுத்துக்கு மிகாமல், இரண்டு வரிக்கு மேல் போகாமல். விநாடிக்குச் சுமார் 17 எழுத்து படிப்பார்கள் என்று கணக்கு வைத்தால், 34 எழுத்து வரிக்கு இரண்டு விநாடி வேண்டும். எவ்வளவு சின்னச் சொல்லானாலும் ஒரு விநாடியாவது நிற்க வேண்டும், ஏழு விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது. பாட்டி வேகமாகப் பேசினால் பாதியை விட்டுவிட்டு சாரத்தைப் போடுவதே வழி. "சாப்ட்டியா?" என்பதை அன்பு, அக்கறை என்று நீட்டி மொழிபெயர்க்க வேண்டாம். சாப்பிட்டாயா என்ற கேள்வியாகவே போடட்டும். மீதியைப் பாட்டியின் முகம் பார்த்துக்கொள்ளும்.

படத்தின் பெயரைத் தமிழில் போட விரும்பினால் ஒரு எச்சரிக்கை. எடிட்டிங் மென்பொருள் சிலவற்றில் "கொ" என்று அடித்தால் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து, இடம் மாறி நிற்கும். ப்ரீமியரில் கிராஃபிக்ஸ் அமைப்புக்குள் எழுத்து எஞ்சினைத் தெற்காசிய, மத்திய கிழக்கு மொழிகளுக்கானதாக மாற்றி, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துருவைத் தேர்ந்தால் சரியாகும். முகாம் கணினியில் அந்த எழுத்துரு இருக்காது, நிறுவ அனுமதியும் இருக்காது. அதனால் வீட்டிலேயே பெயரை, பின்புலம் இல்லாத படமாக, பிஎன்ஜி கோப்பாகச் செய்து எஸ்எஸ்டி-யில் போட்டு அனுப்புங்கள். அல்லது பாட்டியிடம் ஒரு வெள்ளைத் தாளும் தடித்த மார்க்கரும் கொடுத்து, அவர் கையாலேயே எழுதச் சொல்லி ஸ்கேன் செய்துவிடுங்கள்.